கண் திரும்பும் நேரம்

தையல்நாயகிக்கு உட்கார்ந்திருப்பதுதான் வேலை. சம்பளம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் ஒரு வேலையா என்று அவள் புருஷன் தாண்டவராயனே ஆரம்பத்தில் கேலி செய்தான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. மல்லாட்டை மண்டியில் கடலை மூட்டை தூக்குகிறவனுக்கு உட்காருவது என்றாலே ஓய்வுதான். ஆனால் காலையிலிருந்து மாலை வரை ஆடாமல் அசையாமல், தலையைக்கூடக் குனியாமல், ஊரான் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். எழுந்திருக்கும்போது இடுப்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகக் கழன்று கிடக்கும்.

திண்டிவனத்தில் ரயிலடிக்குப் போகும் வழியில் இருந்த பிள்ளைப்பேறு விடுதியில் அவள் முதலில் கூட்டிப் பெருக்கும் ஆயாவாகத்தான் சேர்ந்தாள். அறுபத்தொன்றாம் வருஷம் சென்னையிலிருந்து டாக்டர் சக்கரபாணி வந்தார். உடைந்த கட்டில்கள் அடைந்து கிடந்த பின்னறையைக் காலி செய்து, சுவரெல்லாம் கறுப்புத் துணி தொங்கவிட்டு, நடுவில் ஒரு மரப்பெட்டியை வைத்தார். பெட்டியின் இரண்டு ஓரத்திலும் சின்னச் சின்ன பல்புகள். நடுவில் ஓர் ஓட்டை. ஓட்டைக்குப் பின்னால் சினிமா கேமரா. திண்டிவனத்தில் சினிமா எடுக்கிறார்கள் என்று பேச்சுக் கிளம்பி, முதல் வாரம் பிள்ளையே இல்லாதவர்களெல்லாம் தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு வந்து நின்றார்கள். கறுப்பு அறையையும் டாக்டரின் சிடுமூஞ்சியையும் பார்த்துவிட்டு அவர்களாகவே கலைந்து போனார்கள்.

டாக்டர் அளந்தது குழந்தையின் கண்ணை. கண்ணின் பார்வையை அல்ல, அதன் வேகத்தை. பெட்டியின் ஓர் ஓரத்தில் பல்பு எரிந்தால் குழந்தையின் கண் அந்தப் பக்கம் எவ்வளவு சீக்கிரம் திரும்புகிறது என்று கேமரா படம் பிடிக்கும். பிறகு அந்தப் படச்சுருளைக் கட்டம் கட்டமாக எண்ணிக் கணக்குப் போடுவார். மாதம் ஏற ஏறக் கண்ணுக்கு வேகம் கூடவேண்டும். கூடினால் மூளை வயதுக்குத் தகுந்தபடி வளர்கிறது. கூடாவிட்டால் குழந்தை எதிலாவது பின்தங்கப்போகிறது. நடக்கவோ பேசவோ ஆரம்பிக்கும் முன்பே அதைச் சொல்லிவிடலாம் என்று அவர் நம்பினார். நம்பினார் என்ன, தவம் கிடந்தார்.

பெற்றவள் மடியில் குழந்தையை வைத்தால் காரியம் கெட்டது. பல்பு எரிந்ததும் அவளே முதலில் திரும்பிப் பார்ப்பாள், உடம்பு சாயும், குழந்தையும் சாயும். அதனால் எல்லாக் குழந்தைக்கும் ஒரே மடி வேண்டும் என்று டாக்டர் முடிவு செய்தார். கையில் துடைப்பத்தோடு வாசலில் நின்றவள் தையல்நாயகி. மடியும் பெரிய மடி. வேலை மாறியது, சம்பளமும் கொஞ்சம் கூடியது.

வாரத்தில் ஒரு நாள் விழுப்புரம். பெட்டியையும் கேமராவையும் ஏற்றிக்கொண்டு இருட்டு விலகுவதற்குள் பாசஞ்சர் வண்டியைப் பிடிக்கவேண்டும். அங்கே ஓர் இரவல் அறையில் காணை, முண்டியம்பாக்கம் பக்கத்துக் குழந்தைகள் வரும். கண்ணுக்கு அப்பிய மையைத் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைப்பது அவள் முதல் வேலை. மை இருந்தால் படத்தில் விழி தெரியாது. துடைத்த மறு நிமிஷமே திருஷ்டி பட்டுவிடும் என்று தாய்மார்கள் முந்தானையால் பிள்ளையை மூடிக்கொள்வார்கள். அவர்களோடு மல்லுக்கட்டியே அவளுக்குத் தொண்டை வறண்டு போகும்.

பெரிய கூத்து அதுவல்ல. ஆறு மாதம் படம் எடுத்துப் பார்த்ததில், இந்தப் பக்கத்துக் குழந்தைகளின் கண் வெளிநாட்டுப் புத்தகத்தில் போட்டிருப்பதைவிட ரொம்ப மெதுவாகத் திரும்புவதாக டாக்டருக்குத் தெரிந்தது. கேப்பைக் கூழில் சத்துப் போதவில்லையோ, தூளியில் போட்டே வளர்ப்பதாலோ என்று மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்தார். காணையிலிருந்து வந்த முனியம்மாள் என்கிற பெண்தான் முடிச்சை அவிழ்த்தாள். அவள் பிள்ளை தையல்நாயகியின் மடியில் பாதிக் கண்ணைத் திறந்துகொண்டு சாமியார் மாதிரி உட்கார்ந்திருந்தது.

"பாருங்கய்யா, இன்னா சாதுவா கீறான்" என்றாள் முனியம்மாள் பெருமையாக. "உங்களுக்குத் தொந்தரவு குடுக்கக் கூடாதுன்னு, பஸ் ஏறும்போதே ஜாதிக்காய நல்லா இழைச்சி ஊத்திக்கினுதான் வந்தேன்."

டாக்டர் பெட்டிக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தார். "இதுக்கு முன்னாடி வந்தவங்களும் குடுத்துட்டுத்தான் வந்தாங்களா?"

"குடுக்காம யாருங்க வருவாங்க? ஆசுபத்திரியில புள்ள கத்துனா நமக்குத்தான மானக்கேடு."

குழந்தைக்கு உரைமருந்து கொடுப்பது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். கல்லில் வசம்பு ஓர் இழைப்பு, மாசிக்காய் ஓர் இழைப்பு, தூக்கத்துக்கு ஜாதிக்காய் ஓர் இழைப்பு, தாய்ப்பாலில் குழைத்து நாக்கில் தடவுவார்கள். பெரிய மனிதர் முன்னால் போகிறோமே என்று மரியாதைக்காக ஜாதிக்காயை மட்டும் நாலு இழைப்பாகக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். மரியாதை தெரிந்த சனங்கள்! டாக்டர் அத்தனை படச்சுருளையும் கட்டி மூலையில் போட்டார். அன்று மத்தியானம் அவர் சாப்பிடவில்லை.

மறுநாளிலிருந்து தையல்நாயகிக்கு இன்னொரு வேலை சேர்ந்தது. அறைக்குள் விடுமுன் ஒவ்வொரு குழந்தையின் வாயையும் முகர்ந்து பார்க்கவேண்டும். ஜாதிக்காய் வாடை வந்தால் திருப்பி அனுப்பிவிட வேண்டும். அனுப்பினாள். வெறுமனே அனுப்பவில்லை, திட்டி அனுப்பினாள்.

"கண்ணு முழிச்சி உலகத்தப் பாக்கற வயசுல புள்ளைய மயக்கிப் போட்டுட்டு வர்றியே, நீயெல்லாம் ஒரு தாயா? இன்னிக்கு ஜாதிக்காயி, நாளைக்கு இன்னா குடுப்ப?"

தாய்மார்கள் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். ஒரு நாள் அப்படி ஒருத்தியை விரட்டிவிட்டு அவள் உள்ளே திரும்பியபோது, வாசலில் நின்ற கிழவர் ஒருவர், "ஊரான் புள்ளைய ஊட்டி வளத்தா தன் புள்ள தானே வளரும்மா. நீ நல்லா இருப்ப" என்று வாழ்த்தினார். தையல்நாயகிக்கு முதுகில் யாரோ கொள்ளிக்கட்டையை வைத்த மாதிரி இருந்தது. ஏனென்றால் அந்த நிமிஷம் அவள் குடியிருந்த கிடங்கலில், பக்கத்து வீட்டு ஹமீதுன்னிசாவின் கூடத்துத் தூளியில், தையல்நாயகியின் பிள்ளை பச்சைமுத்து ஜாதிக்காய் மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தான். காலையில் இழைத்து ஊற்றியது அவள் கைதான்.

அவளைத் திட்டுவது சுலபம். திட்டுகிறவர்கள் ஒரு வாரம் அவள் வீட்டில் இருந்துவிட்டுத் திட்டட்டும். இரண்டு பிள்ளைகள் தங்காமல் போனபின், மயிலம் முருகனுக்கு வேண்டிக்கொண்டு அறுபத்திரண்டில் பிறந்தவன் பச்சைமுத்து. அவன் பிறந்து முப்பது நாள் கழிவதற்குள் தாண்டவராயன் மண்டியில் மூட்டை அடுக்கிலிருந்து சரிந்து விழுந்தான். இடுப்பு போயிற்று. புத்தூர்க் கட்டு, நாட்டு எண்ணெய் எல்லாம் பார்த்தும், ஒரு குடம் தண்ணீரைத் தூக்கினால் இரண்டு நாள் படுக்கையில் விழவேண்டியிருந்தது. வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமானால் அவள் முக்காலியில் போய் உட்காரத்தான் வேண்டும்.

கோட்டக்குப்பத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த ஹமீதுன்னிசா நல்ல மனசுக்காரி. வீட்டில் பீடி சுற்றுகிறவள். மடியில் முறம், முறத்தில் புகையிலைத் தூள். "தூங்குற புள்ளன்னா நான் பாத்துக்கறேன்க்கா. முழிச்சிக்கினு தவழ்ந்து வந்து தூள வாயில போட்டுக்கினா நான் இன்னா பண்ணுவேன்?" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். அவள் சொன்னதில் என்ன தப்பு? அதனால் தூங்குகிற பிள்ளையாக அவனை ஆக்கவேண்டி வந்தது. ஓர் இழைப்பு இரண்டாயிற்று. விழுப்புரம் போகிற நாளில், திரும்பி வர விளக்கு வைக்கிற நேரமாகிவிடும் என்பதால் இன்னும் கொஞ்சம் கூடும். நல்ல பிள்ளை, சத்தமே கிடையாது என்று தெருவே மெச்சிற்று.

தான் திருடி அயலாரை நம்பாள் என்பார்கள். தையல்நாயகி மற்ற குழந்தைகளின் வாயை அத்தனை கவனமாக முகர்ந்ததற்குக் காரணம் டாக்டரின் உத்தரவு மட்டுமில்லை.

பச்சைமுத்துவுக்கு எட்டு மாதம் நடக்கும்போது அவளுக்குப் பயம் தட்டியது. நாளெல்லாம் மடியில் பிள்ளைகள். எட்டு மாதப் பிள்ளை எப்படி இருக்கும் என்று அவள் வயிற்றுக்குத் தெரியும். பல்பு எரிந்த உடனே பின்மண்டை அவள் நெஞ்சில் உரசிக்கொண்டு திரும்பும். மரப்பெட்டியைப் பிடிக்கக் கை நீளும், கால் உதைக்கும். வீட்டுக்கு வந்து தன் பிள்ளையைத் தூக்கினால் நனைந்த துணி மாதிரி தோளில் கிடந்தான். கைதட்டினால், சற்று யோசித்துவிட்டுத்தான் திரும்பினான். ஒரு சாயங்காலம் சிமினி விளக்கை எடுத்து அவன் முகத்துக்கு முன்னால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்திப் பார்த்தாள். விளக்கு போய்ச் சேர்ந்து நின்ற பிறகு அவன் கண் ஆற அமர வந்து சேர்ந்தது.

அந்த வாரம் பார்த்துச் சென்னையிலிருந்து இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். டாக்டர் அவர்களிடம் விளக்கிக்கொண்டிருந்தார். அவள் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"கண் மெதுவாத் திரும்புற குழந்தை எல்லாத்துலயும் பின்தங்கும் சார். பேச்சு, படிப்பு, எல்லாம். முதல் வருஷத்துலயே தெரிஞ்சுடும்" என்றார் டாக்டர்.

"தெரிஞ்சு என்ன பண்றது?" என்று ஓர் அதிகாரி கேட்டார்.

"அது அடுத்த கட்டம்" என்றார் டாக்டர்.

அடுத்த கட்டம் வரும் வரைக்கும் பெற்றவள் என்ன செய்யவேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. தையல்நாயகிக்குக் கேட்க வாயிருந்தது, தைரியமில்லை. மடியில் இருந்த குழந்தை பல்பைப் பார்த்துச் சிரித்தது. அவளுக்கு அதன்மேல் முதல்முறையாகக் கோபம் வந்தது. பிறகு அதை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

யோசித்து யோசித்துக் களைத்துப்போய், ஒரு வெள்ளிக்கிழமை பச்சைமுத்துவை விடுதிக்குத் தூக்கிக்கொண்டு வந்தாள். அன்று காலை இழைக்கவில்லை. வாயைக் கழுவி, நாக்கையும் துணியால் துடைத்துக் கூட்டி வந்தாள். வேறு மடி இல்லை என்பதால் அவள் மடியிலேயே வைத்துப் பார்க்க டாக்டர் ஒப்புக்கொண்டார். "நீ அசையமாட்டே, தெரியும்" என்றார். அவள் அசையவில்லை. பல்பு எரியும்போதெல்லாம் அவள் உடம்புக்குள் ஒன்று அந்தப் பக்கம் இழுத்தது. திரும்புடா, திரும்புடா என்று உள்ளுக்குள் கெஞ்சினாள். அவன் மண்டை அவள் நெஞ்சில் அசையாமல் சாய்ந்திருந்தது. வெகு நேரம் கழித்துத்தான் லேசாக உரசியது.

டாக்டர் படச்சுருளை எண்ணிப் பார்த்தார். அடுத்த வாரம் கூப்பிட்டார். அவர் குரல் வழக்கத்தைவிடத் தணிந்திருந்தது. அதிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"மெதுவாத்தான் இருக்கு தையல்நாயகி. நாலு மாசக் குழந்தை அளவுக்கு இருக்கு. அன்னிக்குக் காலையில ஏதாவது குடுத்தியா?"

"இல்லீங்கய்யா."

"நீ குடுத்திருக்க மாட்டே. உனக்குத் தெரியாததா? கேக்கணுமேன்னு கேட்டேன்" என்றார் டாக்டர்.

அவள் சொன்னது பொய்யில்லை. அவர் அன்றைக்குக் காலையைப் பற்றித்தானே கேட்டார். எட்டு மாதமாக ஊற்றியதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் வாய் முகர்கிற வேலையில் இருந்துகொண்டே இதைச் செய்தவள் என்று நாளைக்கே முக்காலியிலிருந்து இறக்கிவிடுவார்கள். அதைவிட, அந்த மனிதர் தன்னை நம்பிய முகம் ஒரு நிமிஷத்தில் மாறுமே, அதைப் பார்க்க அவளுக்குத் திராணி இல்லை. வாயை மூடிக்கொண்டு வெளியே வந்தாள்.

வீட்டுக்கு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. உலை வைக்கவில்லை. தாண்டவராயன் பாயில் படுத்தபடியே கேட்டான்.

"இன்னா சொன்னாரு?"

"புள்ள மந்தமாம்."

அவன் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். "பொறவியிலயா?"

அந்தக் கேள்விதான் அவளை உடைத்தது. "எனக்கு இன்னா தெரியும்? பொறவியிலயோ, நான் குடுத்ததாலயோ. எந்தச் சாமிய கேக்கறது? தினம் தினம் நான்தான ஊத்துனேன். ஊர்ல கீற புள்ள வாயெல்லாம் மோந்து பாத்துக்கினு, எம்புள்ள வாயில நான்தான ஊத்துனேன்" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

தாண்டவராயன் சுவரைப் பிடித்து மெல்ல எழுந்து உட்கார்ந்தான். அவனுக்கு வலித்தது. ஆனாலும் உட்கார்ந்தான்.

"நாளையிலேந்து குடுக்காத" என்றான்.

"குடுக்கலன்னா யாரு பாத்துக்குவா? ஹமீதா வேலைய வுட்டுட்டு இவன் பின்னாடி ஓடுவாளா?"

"நான் பாத்துக்கறேன். மூட்டை தூக்கத்தான் முடியல. புள்ளைய நெஞ்சு மேல போட்டுக்கினு படுத்துக்கக் கூடவா முடியாது?"

ஆம்பிளை பிள்ளை பார்ப்பதா என்று தெருவில் சிரித்தார்கள். சம்பாதிக்கிறவள் அவள், தாலாட்டுகிறவன் இவன் என்று மண்டி ஆட்கள் போகிற வருகிறபோதெல்லாம் ஓர் இடி இடித்துவிட்டுப் போனார்கள். தாண்டவராயன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காதில் போட்டுக்கொள்ள அவனுக்கு நேரமும் இல்லை. மருந்து நின்ற முதல் பத்து நாள் பச்சைமுத்து வீட்டைத் தலைகீழாக்கினான். பகலெல்லாம் அழுகை. ராத்திரி அரை மணி தூங்கினால் இரண்டு மணி அழுதான். கை கால் உதறியது. ஹமீதுன்னிசா பீடிக் கட்டைப் போட்டுவிட்டு ஓடி வந்து வாங்கிக்கொள்வாள். தையல்நாயகி விடிகாலையில் சிவந்த கண்ணோடு வேலைக்குப் போய், ஊரான் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்தாள். ஒருமுறை டாக்டர் கத்தினார். ஒரே ஓர் இழைப்பு கொடுத்தால் வீடே தூங்கும் என்று அவளுக்குத் தோன்றாத ராத்திரி இல்லை. ஒரு ராத்திரி உரைகல்லை எடுத்தேவிட்டாள். தாண்டவராயன் அதை அவள் கையிலிருந்து வாங்கிக் கொல்லைப்பக்கம் எறிந்தான்.

கொஞ்சம் கொஞ்சமாகப் பிள்ளைக்கு விழிப்பு வந்தது. ஓட்டின் சந்து வழியாக விழுந்த வெயில் வட்டத்தைப் பிடிக்கக் கை நீட்டினான். அப்பன் மூக்கைப் பிடித்து இழுத்தான். ஹமீதுன்னிசாவின் குரல் கேட்டால் கதவைப் பார்த்தான். ஒரு நாள் தையல்நாயகி உள்ளே நுழையும்போது, அவள் செருப்பைக் கழற்றுகிற சத்தத்துக்கே தலையைத் தூக்கினான். அவள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டு மாதம் போனதும் டாக்டரே கேட்டார். "உன் பையனை இன்னொரு தடவை பார்த்துடலாம். மெதுவா இருக்கிற குழந்தை எப்படி வளருதுன்னு எனக்கும் தெரியணும்."

மறுபடி முக்காலி, மறுபடி கறுப்பு அறை. இந்தத் தடவை அவன் மண்டை திரும்பியது. தவறாமல் திரும்பியது. டாக்டர் படத்தை எண்ணிவிட்டு, தப்பாக எண்ணிவிட்டோமோ என்று மறுபடி எண்ணினார்.

"ஆச்சரியமா இருக்கு. இன்னும் வயசுக்குச் சரியா வரல. கொஞ்சம் குறைச்சல்தான். ஆனா இப்படி யாரும் முன்னேறினதில்ல. என்ன பண்ணினே?"

அவள் அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "நிறுத்திட்டேங்க."

"எதை?"

"ஜாதிக்காய. பொறந்ததுலேந்து தெனம் குடுத்துக்கினு இருந்தேன். அன்னிக்குக் காலையில மட்டும் குடுக்கல. நீங்க அன்னிக்குக் காலையில குடுத்தியான்னுதான கேட்டீங்க."

டாக்டர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் நாற்காலியில் மெல்லச் சாய்ந்தார். சுவரோரம் அடுக்கியிருந்த தகரப் பெட்டிகளைப் பார்த்தார். வாய் முகர்ந்து, வாடை இல்லை என்று உள்ளே விட்டு எடுத்த படங்கள் அவை. அந்தக் குழந்தைகளில் எத்தனை பேர் அன்று காலை மட்டும் மருந்து குடிக்காமல் வந்தவர்கள் என்று யார் சொல்ல முடியும்?

"எல்லாரும் தினம் குடுக்கறாங்களா?" என்றார்.

"வேலைக்குப் போற பொம்பளைங்க குடுப்பாங்க. வயக்காட்டுக்குப் போறவங்க, செங்கல் சூளைக்குப் போறவங்க. வேற இன்னாங்க பண்ணுவாங்க?"

"நீயாவது சொல்லியிருக்கலாமே."

"சொன்னா எம்புள்ளைக்கு யாருங்க சோறு போடுவாங்க?"

அவளை அவர் விரட்டவில்லை. அடுத்த வருஷம் சென்னையிலிருந்து பணம் வருவது நின்றது. பெட்டி, கேமரா, கறுப்புத் துணி எல்லாம் லாரியில் ஏறிப் போயின. போகும்போது டாக்டர் அவளிடம், "உன் பையன் நல்லா வருவான்" என்றார். கணக்குப் போட்டுச் சொன்னாரா, மனசு நோகாமல் இருக்கச் சொன்னாரா என்று அவளுக்கு விளங்கவில்லை. அவள் பழையபடி துடைப்பத்தை எடுத்துக்கொண்டாள்.

கதை அதோடு முடிந்திருந்தால் தேவலை. டாக்டர் போய்விட்டார், அவர் வைத்துவிட்டுப் போன அளவுகோல் போகவில்லை. 'கொஞ்சம் குறைச்சல்தான்' என்று அவர் சொன்ன வார்த்தை அவளுக்குள்ளேயே தங்கிவிட்டது. பச்சைமுத்து நடக்கச் சற்றுத் தாமதமானது. பேச்சும் தாமதம். தெருவில் அவனைவிடத் தாமதமாக நடந்த பிள்ளைகளும் தாமதமாகப் பேசிய பிள்ளைகளும் உண்டு, அவர்களைப் பெற்றவர்கள் யாரும் அதற்காகத் தூக்கத்தை இழக்கவில்லை. தையல்நாயகி இழந்தாள். அந்தக் குறைச்சல் பிறவியா, தன் கையா? பிறவி என்றால் அழுதுவிட்டுப் போகலாம். தன் கை என்றால் அந்தக் கையை என்ன செய்வது? சோறு பிசையும்போதெல்லாம் அவளுக்கு அந்த நினைப்பு வந்தது.

அதனால் அவள் அவனைக் கூப்பிட ஆரம்பித்தாள். காரணமில்லாமல், அவன் முதுகு காட்டி நிற்கிற நேரம் பார்த்து, "பச்ச" என்பாள். அவன் திரும்புகிறானா, எவ்வளவு சீக்கிரம் திரும்புகிறான் என்று பார்ப்பாள். திரும்பி, "இன்னாம்மா?" என்றால், "ஒண்ணுமில்லடா" என்பாள். காலையில், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், சாப்பிடும்போது, விளக்கு வைத்ததும். ஒரு நாள் வேகமாகத் திரும்பினால் அன்று அவளுக்குச் சோறு இறங்கும். மறுநாள் சற்றுச் சுணங்கினால் போயிற்று. தாண்டவராயன் சொல்லிப் பார்த்தான், திட்டிப் பார்த்தான். ஹமீதுன்னிசாகூட, "இன்னாக்கா, புள்ளைய இப்படி பேஜாரு பண்ற?" என்றாள். அவளால் நிறுத்த முடியவில்லை. ஜாதிக்காயை நிறுத்தியவளால் இதை நிறுத்த முடியவில்லை.

பச்சைமுத்துவுக்கு ஏழு வயது. விதைக்கு மல்லாட்டை உரிக்கிற பருவம். மண்டியிலிருந்து கூலிக்கு மூட்டை வாங்கி வந்து, அப்பனும் பிள்ளையும் வாசலில் குவியலின் முன் உட்கார்ந்து உரித்துக்கொண்டிருந்தார்கள். தையல்நாயகி வேலை முடிந்து வந்து, உள்ளே சுவரில் சாய்ந்து காலை நீட்டினாள். அவன் முதுகு தெரிந்தது. பழக்கம் விடவில்லை.

"பச்ச."

அவன் திரும்பவில்லை. ஓடு உடைகிற சத்தம் மட்டும் கேட்டது.

"டேய், பச்ச."

திரும்பவில்லை. இவ்வளவு தாமதம் இதுவரை இல்லை. காது கேட்கவில்லையா? மூளைக்குப் போய்ச் சேரவில்லையா? சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். குரல் நடுங்கியது.

"பச்சமுத்து, காதுல வுழலையாடா?"

"வுழுதும்மா" என்றான் அவன், உரித்த பருப்பை முறத்தில் போட்டுக்கொண்டே. திரும்பவில்லை.

"அப்ப ஏன் திரும்பல?"

"நீ சும்மாதான கூப்புடுற? திரும்புனா ஒண்ணுமில்லம்ப. நெசமா வோணும்னா உன் கொரலு வேற மாதிரி இருக்கும். அதான் திரும்பல."

தாண்டவராயன் தலையை ஆட்டிச் சிரித்தான். "வருஷக்கணக்கா கூப்புடுற. அவனுக்குத் தெரியாமப் போவுமா?"

தையல்நாயகி நின்ற இடத்திலேயே நின்றாள். அவள் அவனை அளந்துகொண்டிருந்த காலமெல்லாம் அவன் அவளை அளந்திருக்கிறான். எந்தக் குரலில் தேவை இருக்கிறது, எந்தக் குரலில் பயம் இருக்கிறது என்று பிரித்து வைத்திருக்கிறான். மந்தமான பிள்ளை செய்கிற வேலையா இது? அவளுக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஏழு வயதுப் பிள்ளை இதைக் கற்றுக்கொள்ள எத்தனை முறை வீணாகத் திரும்பியிருப்பான் என்று நினைத்தபோது அழுகை வந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். அத்தனை வருஷக் களைப்பும் ஒரேயடியாக வந்து உடம்பில் உட்கார்ந்தது. அப்படியே மறுபடி சுவரோரம் சரிந்து உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்துத் தொண்டை காய்ந்தது. நிஜமாகவே காய்ந்தது. எழுந்து போய்க் குடிக்க முடியவில்லை.

"பச்ச, ஒரு சொம்பு தண்ணி..." என்றாள்.

அவள் சொல்லி முடிக்கவில்லை. அவன் மடியிலிருந்த ஓடுகளை உதறிவிட்டு எழுந்துவிட்டிருந்தான்.